பூச்சியமெல்லாம் ஒரு விடையா?

கேள்வி: அ² = 5அ என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னதற்கு, என் மகன் இரண்டு பக்கமும் ஒரு அ-வை அடித்துவிட்டு அ = 5 என்று எழுதினான். போட்டுப் பார்த்தால் 25 = 25, சரியாகத்தான் இருக்கிறது. ஆசிரியரோ பாதி மதிப்பெண்தான் கொடுத்தார். 0 என்று இன்னொரு விடையும் உண்டாம். பூச்சியமெல்லாம் ஒரு விடையா? இது நியாயமா?

பதில்: நியாயம்தான். சண்டைக்குக் கிளம்பும் முன் அந்தப் பூச்சியத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். இடது பக்கம் 0, வலது பக்கமும் 0. 5-க்கு இருக்கும் அதே தகுதி அதற்கும் இருக்கிறது.

'அடித்துவிட்டு' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அடிப்பது என்றால் இரண்டு பக்கத்தையும் அ-ஆல் வகுப்பது. பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று பையனுக்கும் தெரிந்திருக்கும். அ எந்த எண் என்றே தெரியாதபோது, அது பூச்சியம் இல்லை என்று அவனுக்கு யார் சொன்னது? வகுத்த வரியிலேயே ஒரு விடை காணாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து அ(அ − 5) = 0 என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை. பெருக்கினால் பூச்சியம் வருகிறதென்றால் இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். ஆகவே 0 அல்லது 5.

மகனுக்கு ஒரு வக்கீல் வேண்டுமென்றால் பெரிய ஆளாகவே கிடைப்பார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் இதே கணக்கு இருக்கிறது. அவரும் 5 என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். (பூச்சியத்தைக் கூட்டவும் பெருக்கவும் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-லேயே விதி எழுதிவிட்டார் என்பது வேறு விஷயம்.) அல்குவாரிஸ்மிக்குக் கிடைத்த சலுகை இன்றைய விடைத்தாளில் கிடைக்காது.

சரி, 'போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்கிறீர்கள். அதனால் 5 ஒரு விடை என்பது மட்டும்தான் உறுதியாகிறது. வேறு விடை இல்லை என்று ஆகிவிடாது. போட்டுப் பார்ப்பது கள்ள விடையைப் பிடிக்கும்; தொலைந்த விடையைத் தேடித் தராது.

கள்ள விடை எப்படி வரும் என்கிறீர்களா? √(அ + 6) = அ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் அ² − அ − 6 = 0. விடை 3, −2. இப்போது போட்டுப் பாருங்கள். 3 பொருந்தும். −2 போட்டால் இடது பக்கம் √4, அதாவது 2. வலது பக்கம் −2. வர்க்கப்படுத்தியபோது குறி வித்தியாசம் அழிந்துபோனதால் உள்ளே நுழைந்துவிட்ட ஆசாமி அது. வகுத்தால் ஒன்று குறைகிறது, வர்க்கப்படுத்தினால் ஒன்று கூடுகிறது. கூட்டல் கழித்தலில் இந்தத் தொல்லை கிடையாது.

மகனிடம் அ³ = 4அ என்பதைக் கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் போடுங்கள். மூன்று விடைகள் இருக்கின்றன. 2 மட்டும் வந்தால், போட்டுப் பார்த்தேன் என்று மறுபடி எனக்கு எழுத வேண்டாம்.