தேர்தல் முடிவு பிடிக்காத அமெரிக்கர் கனடாவில் குடியேறிவிட முடியுமா?

நினைத்தவுடன் முடியாது. 2016 நவம்பர் 8 இரவு, அமெரிக்க வாக்கு எண்ணிக்கையின் போக்கு தெரியத் தொடங்கியதும் கனடாவின் குடிவரவு இணையதளம் நெரிசல் தாங்காமல் முடங்கியது உண்மைதான். ஆனால் அரசியல் வெறுப்பை அந்நாடு ஒரு தகுதியாகக் கருதுவதில்லை. குடியேற விரும்பும் பணியாளர்களை மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்க 2015 முதல் நடப்பிலுள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வயது, கல்வி, பணி அனுபவம், ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழித்திறன் ஆகியவற்றையே பெரிதும் எடைபோடுவதால், நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டவரின் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வயதுக்கான மதிப்பெண் அவருக்குச் சுழியமே. குடியேறிய பிறகும், அமெரிக்கக் குடியுரிமை நீடிக்கும்வரை, உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானமும் அமெரிக்க வருமான வரிச் சட்டத்துக்கு உட்பட்டதே. வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவையை மறுத்துப் பல்லாயிரம் இளைஞர்கள் எல்லை கடந்தது வேறு வகை. 1977இல் அதிபர் கார்ட்டர் பொதுமன்னிப்பு அளித்த பின்னரும் அவர்களில் கணிசமானோர் கனடாவிலேயே தங்கிவிட்டனர்.