கிராங்க் சிக்னல் கட் ஆகுதா? கேளுங்க, சொல்றேன்

பெங்களூர்ல ஆஃப்டர்மார்க்கெட் இசியு (இன்ஜினோட பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், தனியா வாங்கிப் போடுறது) போட்டு வண்டி ஓட்டுற நம்ம ஆளுங்க கேக்குற கேள்வி எங்க ஆரம்பிச்சாலும் கடைசில கிராங்க் சிக்னல்லதான் வந்து நிக்குது, அதனால இன்னிக்கு அது மட்டும். கிராங்க்கோட சேந்து சுத்துற பல்லு வீல ஒரு சென்சார் பாத்து, இன்ஜின் எந்த இடத்துல இருக்கு, எவ்வளவு வேகமா சுத்துதுன்னு இசியுக்குச் சொல்றதுதான் இந்த சிக்னல். என்ன சென்சார், வீல்ல எத்தன பல்லு, டூத் லாகர்ல (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆன நேரத்த கோடு கோடா காட்டுற ஸ்க்ரீன்) என்ன தெரியுது, இந்த மூணையும் சொல்லிட்டு கேளுங்க.

கேள்வி (கே.ஆர். புரம்): அண்ணே, பழைய ஜிப்ஸில ஸ்பீடுயினோ இசியு போட்டிருக்கேன், கிராங்க் புல்லில 36 மைனஸ் 1 வீல் (36 பல்லுக்கு இடம், அதுல ஒரு பல்லு இல்ல), விஆர் சென்சார் (காந்தமும் காயிலும் வெச்ச ரெண்டு ஒயர் சென்சார்), உள்ள அந்த சிக்னல இசியுக்குப் புரியுற மாதிரி மாத்துற மேக்ஸ் 9926 போர்டு. ஸ்டார்ட் ஆகுது, ஐடில் சூப்பர், ஆனா 3500 தாண்டினா வெட்டி வெட்டி இழுக்குது, சிங்க் லாஸ் கவுண்டர் (இசியு பல்லுக் கணக்க எத்தன தடவ தவற விட்டுதுன்னு காட்டுறது) ஏறிட்டே போகுது. சென்சார் புதுசு மாத்தியாச்சு, ட்ரிகர் ஃபில்டர் (நாய்ஸ் மாதிரி தெரியுற பல்ஸ ஒதுக்குற செட்டிங்) அக்ரெசிவ் வரைக்கும் வெச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் பிரயோஜனம் இல்ல.

பதில்: முதல்ல ஃபில்டரை ஆஃப் பண்ணுங்க தம்பி. சிக்னல் தப்பா வரும்போது ஃபில்டர் போட்டா நல்ல பல்லையும் சேத்து முழுங்கிடும், அப்புறம் எது நிஜம் எது நாய்ஸ்னே தெரியாது. நீங்க சொல்றத வெச்சு பாத்தா சென்சாரோட ரெண்டு ஒயரும் தலைகீழா இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. விஆர் சென்சார்ல ஒரு பல்லு கிட்ட வரும்போது வோல்டேஜ் ஒரு பக்கம் ஏறும், பல்லோட நடு சென்சாருக்கு நேரா வர்றப்ப டக்குனு பூஜ்ஜியத்தக் கடந்து அடுத்த பக்கம் போகும், இசியு பிடிக்க வேண்டியது இந்த இடத்தத்தான். ஒயரு மாறிட்டா அது பல்ல விட்டுட்டு ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற பள்ளத்த பிடிக்கும், பள்ளமும் சம தூரத்துலதான் இருக்கு, அதனால ஐடில்ல ஒண்ணும் தெரியாது, ஆனா பல்லு இல்லாத அந்த ஒரு இடத்துல அலை நீளமா படுத்துக்கிட்டே போகும், அங்க எப்ப பூஜ்ஜியத்தக் கடக்குதுங்கறத சின்ன நாய்ஸ்கூட முன்ன பின்ன தள்ளிடும்.

டூத் லாகர் எடுத்துப் பாருங்க. 36 மைனஸ் 1-ல எல்லா கோடும் ஒரே உயரம், ஒரே ஒரு கோடு மட்டும் ரெண்டு மடங்கு, இதுதான் சரி. ஒயரு தலைகீழா இருந்தா அந்த ரெண்டு மடங்கு கோடு இருக்காது, பக்கத்து பக்கத்துல ரெண்டு கோடு ஒன்றரை ஒன்றரையா நிக்கும்.

அதே தம்பி: அண்ணே, அதேதான்! ரெண்டு கோடு ஒன்றரை சைஸ்ல இருக்கு. ஒயர மாத்திடவா?

பதில்: மாத்துங்க, ஆனா மாத்திட்டு அப்படியே ஓட்டக் கிளம்பிடாதீங்க. இந்த வீல்ல ஒரு பல்லுக்கு 10 டிகிரி, பள்ளத்துல இருந்து பல்லுக்கு வர்றப்ப அரைப் பல்லு, அதாவது டைமிங் 5 டிகிரி நகரும். அஞ்சு டிகிரி அட்வான்ஸ் பக்கம் போயிட்டா லோடுல நாக் அடிச்சு பிஸ்டன் போயிடும். ட்யூனர்ஸ்டுடியோல (லேப்டாப்ல இசியு செட்டிங் மாத்துற சாஃப்ட்வேர்) டைமிங்க 10 டிகிரில ஃபிக்ஸ் பண்ணிட்டு, டைமிங் லைட் அடிச்சு புல்லி மார்க்கும் 10-ல நிக்குற வரைக்கும் ட்ரிகர் ஆங்கிள (பல்லு வீலுக்கும் பிஸ்டன் உச்சிக்கும் எத்தன டிகிரி வித்தியாசம்னு இசியுக்குச் சொல்ற செட்டிங்) சரி பண்ணுங்க. அப்படியே 3000 வரைக்கும் ஏத்திப் பாருங்க, மார்க் நகரக் கூடாது. வேகம் ஏற ஏற மார்க் வழுக்கிட்டே போனா சிக்னல்ல இன்னும் ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

கேள்வி (பீன்யா): நம்ம ஷெட் பக்கத்துலயே லேசர் கட்டிங் இருக்கேன்னு வீல் வெட்டினேன் சார், துரு பிடிக்க வேண்டாம்னு எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல. சென்சார்ல ஒரு பொட்டு சிக்னல் வரல.

பதில்: வராது சார். 304-ல காந்தம் ஒட்டாது, காந்தம் ஒட்டாத மெட்டீரியல விஆர் சென்சாரால பாக்கவே முடியாது. அலுமினியமும் அப்படித்தான். சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ப்ளேட்ல வெட்டி ஜிங்க் ப்ளேட்டிங் குடுத்துடுங்க, துருக் கவலை தீந்துது. பல்லும் பள்ளமும் ஏறக்குறைய ஒரே அகலம் வைங்க, பள்ளம் ஆழமா இருக்கட்டும், மாட்டினப்புறம் டயல் கேஜ் வெச்சு சுத்திப் பாருங்க, வீல் கோணலா ஓடினா ஒரு பக்கம் சிக்னல் பெருசாவும் இன்னொரு பக்கம் சின்னதாவும் வரும். இன்னொண்ணு, டேம்பர் புல்லியா இருந்தா வெளி வளையத்துல வீல மாட்டாதீங்க, நடுவுல இருக்குற ரப்பர் வழுக்கினா டைமிங்கும் கூடவே போயிடும்.

கேள்வி (எலஹங்கா, காலேஜ் பசங்க): ண்ணா, ஃபார்முலா பாரத் காலேஜ் போட்டிக்கு கார் பண்றோம், கோயம்புத்தூர் போக நாள் கம்மியா இருக்கு. மூணு ஒயர் ஹால் சென்சார், சப்ளை 5 வோல்ட் கரெக்டா வருது, சிக்னல் ஒயர் எப்பவும் பூஜ்ஜியம். ரெண்டு சென்சார் மாத்திட்டோம்.

பதில்: மூணாவது வாங்காதீங்க தம்பிகளா. பெரும்பாலான ஹால் சென்சார் தானா வோல்டேஜ் குடுக்காது, சிக்னல் ஒயர எர்த்துக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். மேல தூக்கி விட ஒரு புல்லப் ரெசிஸ்டர் வேணும். உங்க இசியு செட்டிங்ல புல்லப் ஆன் பண்ற ஆப்ஷன் இருக்கா பாருங்க, இல்லன்னா 5 வோல்ட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவுல ஒரு 1 கே ரெசிஸ்டர். ப்ளக்கெல்லாம் கழட்டிட்டு கிராங்க ஸ்பேனர் போட்டு மெதுவா சுத்துங்க, மல்டிமீட்டர்ல 5, பூஜ்ஜியம், 5, பூஜ்ஜியம்னு மாறணும். விஆர் சென்சார்ல இப்படி கையால சுத்திப் பாக்க முடியாது, வேகம் இருந்தாதான் அதுல வோல்டேஜே பொறக்கும், ஹால்ல இது ஒரு பெரிய வசதி. போர்டுல விஆர், ஹால்னு ஜம்பர் இருந்தா அதையும் ஒரு தடவ பாத்துடுங்க.

கேள்வி (சிவாஜி நகர்): மெகாஸ்குவர்ட் இசியு வி3 போர்டுல ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கே, அத எவ்வளவு திருப்பணும்?

பதில்: ஆர்52, ஆர்56. ரெண்டையும் முழுசா இடது பக்கம் திருப்பி வைங்க, விஆர் சென்சாருக்கு அதுதான் ஆரம்பம். டூத் லாகர்ல நாய்ஸ் தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. ரொம்ப ஏத்திட்டா கிராங்கிங்ல வர்ற சின்ன சிக்னல் அடிபட்டுப் போயி வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

கேள்வி (ஹெச்ஏஎல்): ஓடிட்டா பிரச்சனையே இல்ல, காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் ஆர்பிஎம் காட்டாது, சில நேரம் ஸ்டார்ட்டர உதைச்சுத் தள்ளுது. 60 மைனஸ் 2, விஆர்.

பதில்: உதைக்குதுன்னா தப்பான நேரத்துல ஸ்பார்க் விழுது, ஸ்டார்ட்டர் உடைஞ்சிடும், அடிச்சிட்டே இருக்காதீங்க. விஆர் சிக்னல் வேகத்தோட கூடவே வளரும், கிராங்கிங்ல அரை வோல்ட் ஒரு வோல்ட் வந்தாலே பெரிய விஷயம், அதே சென்சார் ஹை ஆர்பிஎம்ல பத்துப் பத்தா வோல்ட் தள்ளும். அதனால காலைல இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதுங்கறதுதான் முக்கியம். ஸ்டார்ட் அடிக்கிறப்ப பேட்டரில மீட்டர் வெச்சுப் பாருங்க, ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா பேட்டரியத்தான் முதல்ல கவனிக்கணும். அடுத்து மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல வெச்சு ஸ்டார்ட் அடிங்க, அரை வோல்ட் காட்டினா எர்த் கேபிள் மோசம். ரெண்டும் ஓகேன்னா சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விடுங்க, 0.8 மில்லி பக்கம் இருக்கணும், ரெண்டு மில்லி இருந்தா கிராங்கிங்ல சிக்னல எதிர்பாக்காதீங்க.

கேள்வி (அல்சூர்): புல்லட் 350-க்கு நானே இன்ஜெக்ஷன் பண்ணிருக்கேன் ப்ரோ. கிக் அடிச்சா சிங்க் வருது போகுது, வருது போகுது. ஒயர் மாத்தியும் பாத்துட்டேன்.

பதில்: ஒத்த சிலிண்டர்ல இது ஒரு தனி பாடு ப்ரோ. கம்ப்ரஷன்ல ஏறும்போது கிராங்க் கிட்டத்தட்ட நின்னு நின்னு போகும், அப்ப ரெண்டு சாதாப் பல்லுக்கு நடுவுல ஆகுற நேரமே அதிகமாயிடும், இசியு அத பல்லு இல்லாத இடம்னு நெனச்சுக்கும். நிஜ கேப்பும் டிடிசி (பிஸ்டன் உச்சில நிக்குற இடம்) கிட்டயே சென்சாருக்கு நேரா வந்தா கேக்கவே வேண்டாம். வீல கழட்டி, டிடிசில இருந்து நல்லா தள்ளி கேப் வர்ற மாதிரி திருப்பி மாட்டுங்க, ட்ரிகர் ஆங்கிள் புதுசா போடுங்க. அப்படியும் அடங்கலன்னா பல்லு அதிகமான வீல் போடுங்க.

கேள்வி (கம்மனஹள்ளி): ஷீல்டு ஒயர்தான் போட்டிருக்கேன், ரெண்டு பக்கமும் எர்த் பண்ணிருக்கேன், ஆனாலும் 5000 மேல சிங்க் லாஸ்.

பதில்: ரெண்டு பக்கம் எர்த் பண்ணா இன்ஜின் எர்த்துல ஓடுற கரண்ட் ஷீல்டு வழியாவும் ஓடும், இன்ஜின் பக்கம் கட் பண்ணிட்டு இசியு பக்கம் மட்டும் விடுங்க. ஒயர் போற பாதையும் பாருங்க, காயில், ப்ளக் ஒயர், ஆல்டர்னேட்டர் கேபிள் கூட ஒரே கட்டா டேப் சுத்தி இருந்தா பிரிச்சுடுங்க, குறுக்க போயே ஆகணும்னா செங்குத்தா தாண்டட்டும். ப்ளக் நம்பர்ல ஆர் எழுத்து இருக்கா? என்ஜிகே-ல பிபிஆர்6இஎஸ்னா ரெசிஸ்டர் ப்ளக், பிபி6இஎஸ்னா இல்ல. ரெசிஸ்டர் இல்லாத ப்ளக்கும் காப்பர் ப்ளக் ஒயரும் சேந்தா எவ்வளவு நல்ல ஷீல்டும் தாங்காது. இதெல்லாம் சரியா இருந்து, விஆர் சிக்னல் மேல போகப் போக ரொம்ப பெருசா வருதுன்னா, சென்சார் லைன்ல சீரீஸ்ல ஒரு 10 கே ரெசிஸ்டர் போட்டுப் பாக்கலாம், கிராங்கிங்ல கெடலையான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி (மடிவாளா): இதுக்கெல்லாம் ஸ்கோப் (சிக்னல அலைப் படமா காட்டுற ஆஸிலோஸ்கோப்) வாங்கணுமா சார்? விலை பயமுறுத்துது.

பதில்: பெரிய ஸ்கோப் வேண்டாம். 60 பல்லு கணக்கு வீல்ல ஹெர்ட்ஸும் ஆர்பிஎம்மும் ஒரே நம்பர், 7000 ஆர்பிஎம்னா 7000 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான் வேகம். எஸ்.பி. ரோட்டுல டிஎஸ்ஓ 138 கிட் மாதிரி சின்ன ஸ்கோப் கேட்டுப் பாருங்க, அது 200 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் காட்டும், நம்ம வேலைக்கு தாராளம். ஆனா அதோட இன்புட் 50 வோல்ட்தான் தாங்கும், அதனால விஆர் சென்சார்ல கிராங்கிங்லயும் ஐடில்லயும் மட்டும் பாருங்க, ரேஸ் பண்ணாதீங்க. ஜே.சி. ரோட்டுல ரெண்டாவது சென்சார் வாங்குற காச இதுல போடுங்க. அலையில பல்லு பல்லா ஒரே உயரம் வருதா, கேப் ஒழுங்கா தெரியுதா, நடுவுல ஊசி ஊசியா ஸ்பார்க் நாய்ஸ் ஏறுதான்னு பாத்துட்டு அந்தப் படத்த அனுப்புங்க, அதுக்கப்புறம் செட்டிங் பேசலாம்.