மலைப் புல்வெளியில் மரம் நடலாமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மழைக்காலத்தில் ஊட்டிக்கு பஸ் பிடித்துப்போய், மொட்டையாகக் கிடக்கும் சரிவுகளில் மரக்கன்று நடலாம் என்றிருக்கிறோம். ஆபீசில் சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணமும் கொஞ்சம் கிடைக்கும். புல்வெளிக்கு மரமே எதிரி என்று நீங்கள் சொல்வதாக நண்பர் ஒருவர் தடுக்கிறார். அப்படியானால் மக்கள் பங்கேற்பு என்பதெல்லாம் வெறும் பேச்சா?

ச.

அன்புள்ள ச.,

பஸ்ஸை இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் மொட்டை என்று நினைக்கும் சரிவு மொட்டை இல்லை. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் மடிப்புகளில் சோலை என்கிற அடர்காடும் மேடுகளில் புல்லுமாகத்தான் காடே இருக்கிறது. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கொருமுறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான். வெள்ளைக்காரர்களின் கணக்கில் அது தரிசு. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம், சீயக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறையே தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் அவற்றை மலை மலையாக நட்டது. அவர்களும் உங்களைப்போல நல்ல எண்ணத்தோடு நட்டவர்கள்தான்.

சீகையை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் பட்டதும், அல்லது தீப்பட்டதும், கீரைப்பாத்தி மாதிரி முளைத்து நிற்கும். வருஷா வருஷம் குனிந்து கையால் பிடுங்கவேண்டும். தமிழக அரசு 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கையே வகுத்தது. சரி, ஆனால் பத்து வருஷம் விடாமல் பிடுங்குகிற கை யாருடையது? டெண்டர் எடுத்தவர் வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றியதோடு போய்விடுவார். அங்கேயே குடியிருப்பவர்கள்தான் மிச்சம்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எருமை மேய்வதும் புல்லில், கோயில் கூரை வேய்வதும் புல்லால். வேயும் புல் சதுப்பு ஓரங்களில் வளர்வது. சீகையும் தேயிலையும் பெருகிய பிறகு அதற்கு வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கிறது. கோடையில் பகுதி பகுதியாகப் புல்லுக்குத் தீ வைக்கும் பழைய வழக்கத்தை வனச்சட்டம் நிறுத்தியது. இன்று சீகை விதை கிடக்கும் மண்ணில் அதே தீ எதிராகத் திரும்பும். எந்தச் சரிவில் தீ ஆகும், எதில் ஆகாது என்பதை மந்துக்காரர்களும் (மந்து என்பது தோடர் குடியிருப்பு) தாவரவியல் படித்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவுசெய்ய முடியும். சமூகக் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. திட்டத்தை எழுதி முடித்துவிட்டு ஊர்க்காரரைக் கூப்பிட்டு டீயும் தொப்பியும் கொடுப்பதை நான் பங்கேற்பில் சேர்ப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் இருக்கவேண்டும்.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். ஹெசரகட்டா மலையில்லை, ஆனாலும் புல்வெளி. அதைக் காப்பிடமாக்கும் யோசனையை மாநில வனவிலங்கு வாரியம் 2021இல் தள்ளிவிட்டது. மேய்ச்சல் போய்விடுமோ என்ற கிராமத்தாரின் பயமும் அப்போது பேசப்பட்டது. 2024இல்தான் அமைச்சரவை ஒப்புதல் வந்தது. பறவை பார்க்கப் போகிறவர்கள் ஆடு மேய்ப்பவர்களோடு முன்பே பேசியிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்பது என் ஊகம்.

இனி உங்கள் பஸ். மரக்கன்று வேண்டாம். சீகை அகற்றும் வேலை நடக்கும் இடமாகப் பார்த்து, வனத்துறை அனுமதியோடு, உள்ளூர்க்காரர் கூப்பிட்டால் மட்டும் போங்கள். மண் ஈரமாயிருக்கும்போது போனால் சீகை நாற்று வேரோடு வரும். காய்ந்தபின் ஒடிந்துபோய் மறுபடி துளிர்க்கும். சொந்தப் புல் எது என்று முதலில் அவர்களிடம் காட்டச்சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் பாதுகாக்க வந்ததையே பிடுங்கிப் போடுவீர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் ஆகாது, அடுத்த வருஷமும் அதே சரிவுக்குப் போங்கள். சிஎஸ்ஆர் பணத்தைக் கன்றுக்கும் பேனருக்கும் செலவழிக்காமல், அங்கே புல் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கும் களை பிடுங்கும் பெண்களுக்கும் ஐந்து வருஷக் கூலியாக எழுதிக்கொடுக்க முடியுமா என்று ஆபீசில் கேட்டுப்பாருங்கள். முடியாது என்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.