ஒரு நாடு பணக்கார நாடாவது இயற்கை வளத்தால்தானா?

வளம் மட்டும் போதாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம்தான் தீனி போட்டது. அதே வைரம், ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள போட்ஸ்வானாவைத் தூக்கிவிட்டது.

1966இல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மறு வருடமே அங்கே ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. எந்தக் குலத்தின் நிலத்தில் கிடைத்தாலும் கனிமம் நாட்டுக்கே சொந்தம் என்று அதிபர் செரெட்சே காமாவின் அரசு சட்டம் கொண்டுவந்தது. அவருடைய சொந்த பமங்வாட்டோ குலத்துக்கும் அதே விதிதான். என்னைக் கேட்டால் திருப்புமுனை இதுதான்: குலங்களுக்குள் பங்குச் சண்டை மூளவே இடமில்லாமல் போனது.

அப்புறம் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனத்துடன் பேரம் பேசி, டெப்ஸ்வானா சுரங்க நிறுவனத்தில் அரசு பாதிப் பங்கை வாங்கியது. வந்த பணம் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று போனது. 1994இல் வருங்காலத்துக்கென்று பூலா நிதியும் தொடங்கினார்கள். ஏற்றத்தாழ்வு மட்டும் அங்கே இன்னும் கடுமையாகத்தான் இருக்கிறது.