கிரைண்டரைக் கூரியரில் அனுப்புவது எப்படி? கேள்வி பதில்

கோவையில் கிரைண்டர், மோட்டார் போன்ற கனத்த சாமான்களைக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புவது என் தொழில். அது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, புனேயில் இருக்கும் மகளுக்கு 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் அனுப்ப வேண்டும். அதனுடன் வந்த பெட்டி இப்போது இல்லை. எப்படிக் கட்டுவது?

பதில்: முதலில் குழவிக் கற்களைக் கழற்றுங்கள். அவை பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தால், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளிருந்து சுத்தியல்போல் இடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படி அனுப்பிய ஒரு கிரைண்டர், பாத்திரம் புடைத்து, அடிக்கல் விரிந்து போய்ச் சேர்ந்தது; நட்டம் என்னுடையது. ஒவ்வொரு குழவியையும் ஃபோம் ஷீட்டில் தனித்தனியாகச் சுற்றிச் சிறிய பெட்டியொன்றில் வையுங்கள். பாத்திரத்தையும் தூக்கியெடுத்துத் தனியே பொதியுங்கள். மோட்டார் உள்ள உடற்பகுதிக்கு ஏழு ப்ளை, அதாவது ஏழு அடுக்கு, அட்டைப்பெட்டி வேண்டும். ஆறு பக்கமும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அழுத்தினால் எளிதில் அமுங்காத தெர்மோகோல் பலகையால் அதை நிரப்ப வேண்டும். ஒட்டி முடித்தபின் இருவராகப் பெட்டியைத் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதேனும் அசைந்தால் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டியதுதான். பிறகு குறுக்கும் நெடுக்குமாக ஸ்ட்ராப் போடுங்கள். முகவரிச் சீட்டு ஒன்றை, ஒட்டும் முன்பே பெட்டிக்குள்ளும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பெட்டியின் எடை 18 கிலோதான். கூரியர்காரர் 30 கிலோவுக்குப் பணம் கேட்கிறார். இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவது கன அளவு எடை. அதுவும் உண்மை எடையும் ஒப்பிடப்பட்டு, கூடுதலானதற்கே கட்டணம் போடப்படும். 60, 50, 50 அளவுள்ள பெட்டிக்குச் சரியாக 30 வரும். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பெட்டி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழவியைக் கழற்றாமல் சுற்றிலும் துணி திணித்தால் போதாதா?

பதில்: போதாது. கழற்றுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா காலத்தில் வைக்கோலும் சாக்கும் போட்டுத்தான் லாரியில் அனுப்பினோம். ஒன்றும் உடைந்ததில்லை. தெர்மோகோல் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு.

பதில்: உங்கள் அப்பா அனுப்பியவை அண்டாவும் குத்துவிளக்குமாக இருந்திருக்கலாம்; பித்தளை நசுங்கினால் தட்டி நிமிர்த்திவிடலாம், கல் விரிந்தால் என்ன செய்வது? வைக்கோல் புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் தாங்கும். ஆனால் கனத்தின் அடியில் இரண்டு நாள் குலுங்கினால் அமுங்கிவிடும். விட்ட இடைவெளி ஆட்டமாக மாறும்.

கேள்வி: வைக்கோல்காரர் சொல்வதே சரி. தெர்மோகோல் மக்காத குப்பை. நன்கு திணித்தால் வைக்கோல் அமுங்காது.

பதில்: குப்பை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மாற்றாகத் தேங்காய் நார்ப் பலகையை நானே சில சமயம் வைக்கிறேன், கனத்தையும் தாங்குகிறது. திணிப்பது பற்றி மட்டும் உடன்பாடில்லை. கல் இறுகும் அளவுக்கு வைக்கோலைத் திணித்தால் அட்டைப்பெட்டி பிதுங்கி ஒட்டு விட்டுப்போகும். சாக்கு பிதுங்கினாலும் குற்றமில்லை, அதனால்தான் அந்த முறை சாக்கோடு ஒத்துப்போயிற்று.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கு மரப்பெட்டியில் அனுப்பலாமா?

பதில்: ஒட்டுப்பலகை அல்லாத வெறும் மரப் பலகை என்றால், மரப்பெட்டி வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றியோ, புகையூட்டியோ முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை, அதையே வாங்குங்கள். அங்கே வைக்கோலை அடைப்பாக வைத்து அனுப்பவே கூடாது என்பதை மேலே வாதாடிய இருவரும் கவனிக்கவும். பழைய கிரைண்டர் என்றால் மாவின் சுவடே இல்லாமல் கழுவி உலர்த்துங்கள். குழவியைப் பற்றி முன்பே சொன்னேன்.

கேள்வி: இன்வர்ட்டர் பேட்டரியையும் அதே பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அமிலம் உள்ளது. பேட்டரிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: ‘உடையும் பொருள்’ என்று எழுதி ஒட்டினால் குழவியோடு அனுப்பலாமா?

பதில்: மூன்றாம் முறை! கழற்றுங்கள். அந்தச் சீட்டை இருட்டில் சாமான் இறக்குபவர் படிப்பதில்லை. ‘30 கிலோ, இருவர் தூக்கவும்’ என்று நான்கு பக்கமும் பெரிதாக எழுதினால் ஓரளவு பயன் உண்டு.

கேள்வி: வந்து சேர்ந்த பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால்?

பதில்: கையெழுத்திடும் முன் படம் எடுத்து, ‘பெட்டி சேதம்’ என்று கூரியர்காரரின் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.