பொம்பேயி: வேறு நிலையத்தில் இறங்கிவிட்டால்?

இத்தாலியின் பொம்பேயி இடிபாடுகளைப் பார்க்கப் போய், பொம்பேயி சாந்துவாரியோ ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டதால் நேற்று நேப்பிள்ஸுக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னீர்கள். திரும்பியிருக்க வேண்டியதில்லை. அந்த நிலையத்திலிருந்து நடந்தே இடிபாடுகளின் பியாஸ்ஸா அன்ஃபித்தியாத்ரோ வாசலை அடையலாம். போர்த்தா மரீனா மட்டுமே வாசல் அல்ல.

நீங்கள் ஏறியது பொஜ்ஜோமரீனோ ஊருக்குப் போகும் வண்டியாக இருக்கும். நேப்பிள்ஸின் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலின் பல தடங்களுக்கும் வண்டிகள் வந்து போவதால் இந்தக் குழப்பம் சகஜம். போர்த்தா மரீனா பக்கத்தில் இறக்கிவிடுவது சொரெந்தோ வண்டி. நிலையத்தின் பெயர் 'பொம்பேயி ஸ்காவி - வில்லா தேய் மிஸ்தேரி'.

நாளை ஏறுமுன் பலகையில் கடைசி நிலையம் சொரெந்தோதானா என்று பாருங்கள். 'பொம்பேயி' என்று மட்டும் தேடினால் ட்ரெனிதாலியா நிறுவனத்தின் வேறொரு நிலையமும் வந்து குழப்பும்.

உண்மையில் அன்ஃபித்தியாத்ரோ பக்கம் மோசமில்லை. கி.மு. 70 வாக்கில் கட்டிய வட்டரங்கை முதலிலேயே பார்த்துவிட்டு, அப்பொந்தான்ஸா தெரு வழியாக மேற்கே நடந்தால் பழைய நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரம் வந்துவிடும்.

டிக்கெட்டில் ஒன்றைக் கவனியுங்கள். 2024 நவம்பர் முதல் அதில் பார்வையாளரின் பெயர் உண்டு, ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. இனிஷியலோடு பதியாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரைக் கொடுங்கள். அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் கடைசி நுழைவு மாலை 3:30, கோடையில் 5:30. அதற்குப் பிறகு எந்த வாசலுக்குப் போயும் பயனில்லை.