வண்டிப்பாதைக்குக் கல் கேட்கும் முன்

கேள்வி: எங்கள் ஊர் வண்டிப்பாதை ஐப்பசி பிறந்தாலே சேறாகிவிடுகிறது. மூன்று முறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை. என்ன செய்வது?
– வாசகர், காட்டுமன்னார்கோவில் வட்டம்

பதில்: மனுவில் புல எண் (சர்வே நம்பர்) எழுதினீர்களா? அது இல்லாத மனுவை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கிராம வரைபடத்தில் பாதை ஓடும் புல எண்களைக் குறித்துக்கொண்டு, வருவாய்த் துறையின் இணையப் பக்கத்தில் ‘அ’ பதிவேட்டையும் (நிலம் அரசுடையதா, தனியாருடையதா என்று காட்டுவது) புலப்படத்தையும் (புலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் ஊராட்சி செலவழிக்கலாம். நடுவில் ஒரு புலம் பட்டாவாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். உரிமையாளர் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். ‘20 வருஷமாக நடக்கிறோம்’ என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் (பிறர் நிலத்தில் நடந்துபோவது போன்ற உரிமை) சட்டப்படி சிவில் கோர்ட்டில் எடுபடலாம், வேலைக்குச் செலவு மதிப்பீடு போடும் பொறியாளரிடம் எடுபடாது. பாதை வாய்க்கால் கரைமேல் போனால் (உங்கள் பக்கம் பாதி அப்படித்தான்) நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

பாதை குறுகியிருக்கிறதா? முதலில் அளந்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள். இருக்கிற அகலத்துக்கே மதிப்பீடு போட்டுவிட்டால், ஆக்கிரமித்தவருக்குச் சாலையே வேலியாகிவிடும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது வருவாய்த் துறையின் வேலை.

அடுத்தது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தில் பாதை இடம்பெற வேண்டுமென்றால் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள். ‘பாதையைச் சீரமைக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானம் வீண். புல எண், நீளம், அகலம், தண்ணீர் குறுக்கே பாயும் இடங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

அந்தக் கடைசி விவரம்தான் உயிர். களிமண்மேல் நேராக ஜல்லி கொட்டினால் மழையில் உள்ளே இறங்கிவிடும். முதலில் பாதையை வயல் மட்டத்துக்கு மேல் உயர்த்தி, கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். 3 மீட்டர் அகலப் பாதைக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட சுமார் 6 செ.மீ. உயரமாக இருக்கட்டும். வயலுக்குத் தண்ணீர் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் குழாய் பதிக்க வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் நடவு சமயத்தில் யாராவது பாதையை வெட்டித்தான் பாய்ச்சுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: பாகூர் பக்கமும் இதே முறைதானா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. அங்கே 1973-ஆம் ஆண்டு கிராம, கொம்யூன் (பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி அமைப்பு) பஞ்சாயத்துச் சட்டம். 2006-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் நிர்வாகம் அதிகாரிகள் கையில். மனுவைப் புல எண்ணோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு எழுதுங்கள். நகல் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு.